பேரப்பிள்ளை எந்தக் கட்டத்தில்?



சென்ற மாதம் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்றை மூன்று முறை படித்தேன். எழுதியவர் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் வாழும் தாய். இளம் வயதில் பால்மரம் வெட்டியவர்; ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு உதிரிப்பழம் பொறுக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். மூத்த மகள் படித்து முடித்துச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாள். அங்கே உடன் வேலை செய்த சீனப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இப்போது ஓர் ஆண் குழந்தை.

"பிள்ளைக்கு மூணு மாசம் ஆவுது டீச்சர். நான் இன்னும் கையால தொடல. இவரு போகக்கூடாதுங்கிறாரு. ஒரு மாசம் நெறஞ்சப்ப அந்த வீட்டுல இருந்து செவப்பு முட்டை குடுத்து வுட்டாங்க. இவரு தொடல. நான் அடுப்படிக்குப் பின்னால போயி ஒண்ணு தின்னேன். பிறப்புப் பத்திரத்துல 'சீனர்-இந்தியர்'னு போட்டிருக்காங்களாம். அது என்னா இனம்? நம்மள ரெண்டாவதா போட்டுட்டாங்கன்னு அதுக்கும் இவருக்குக் கோவம். லயத்துல கேக்குறாங்க, 'அது ஒங்க பேரனா, சீனன் பேரனா'ன்னு. நான் என்னா பதில் சொல்ல?"

பேரனைப் பார்க்கவே மாட்டேன் என்கிறவருக்கு, அவனுடைய பத்திரத்தில் தம் இனம் இரண்டாவதாக வந்துவிட்டதே என்று கோபம்! படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். வேண்டாதவன் பெயர் எந்த வரிசையில் இருந்தால் யாருக்கு என்ன? அந்தக் கோபத்துக்குள்ளே பாசம் ஒளிந்திருக்கிறது அல்லவா?

அந்த அம்மாவுக்குத் தனியாகவே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருக்கும் பெற்றோர் நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பலர் இருக்கிறார்கள். ஆகவே எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறையில் நானும் சிங்கப்பூர் போயிருந்தேன். தேக்காவில் இறங்கி நடந்தால் நம் ஊர்க் கடைத்தெருவில் நடப்பது போலத்தான் இருக்கிறது. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில். அதே சாலையில் அங்குலியா பள்ளிவாசல். பக்கத்து ரேஸ்கோர்ஸ் சாலையில் புத்தர் கோயில். கெர்பாவ் சாலையில் வானவில்லைப் போலப் பல வண்ணம் பூசிய பழைய வீடு ஒன்று நிற்கிறது. தான் தெங் நியா என்ற சீன வணிகர் 1900-ஆம் ஆண்டில் கட்டிய வீடு அது. அவருக்கு மிட்டாய்த் தொழில். கரும்புச் சக்கையை வீணாக்காமல், அதையே எரித்து ரப்பருக்குப் புகைபோடும் கொட்டகையும் எதிரே வைத்திருந்தாராம். 'லிட்டில் இந்தியா'வின் நடுவிலே ஒரு சீனர் வீடு. அதற்கு எதிரே ரப்பர்ப் புகை! நம் தோட்டத்து வாசனை அங்கேயும் இருந்திருக்கிறது.

பூக்கடையில் ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். முகம் சீன முகம். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலிக்கொடி, உடம்பில் நூல் சேலை. "நேத்து குடுத்த பூ வாடிப்போச்சு தம்பி, இன்னிக்கு ஒரு முழம் சேத்துக் குடு" என்று கடைக்காரப் பையனிடம் பேரம் பேசினார். அவரைப் பார்த்ததும் எனக்கு என் பெரியம்மா நினைவு வந்தது. பெரியம்மாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பத்திரத்தில் உள்ள 'கட்டத்தை'ப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் ஒவ்வொருவருடைய இனமும் அரசாங்கத்தில் பதிவாகிறது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்கு பெரும் பிரிவுகள். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 74.3 பேர் சீனர், 13.5 பேர் மலாய்க்காரர், 9 பேர் இந்தியர், 3.2 பேர் மற்றவர்.

இது ஏட்டோடு நின்றுவிடும் எழுத்தன்று. அங்கே பெரும்பாலோர் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள். ஓர் இனத்தார் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது என்று 1989-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்ச அளவு உண்டு. இந்தியரும் மற்றவரும் சேர்ந்து ஒரு கட்டடத்தில் நூற்றுக்கு 15 வீடுகளுக்கு மேல் போகக் கூடாது என்பது 2010-இல் வைத்த அளவு. அளவு நிரம்பிவிட்டால் அந்த இனத்தவர் அங்கே புதிதாக வீடு வாங்குவது கடினம். ஆகவே பத்திரத்தில் உள்ள அந்த ஒரு சொல், வீடு வாங்கும்போதும் விற்கும்போதும் முன்னால் வந்து நிற்கும்.

தேர்தலிலும் அப்படித்தான். எல்லா இனமும் எல்லாக் கட்டடங்களிலும் கலந்து வாழ்ந்தால், எந்தத் தொகுதியிலும் சிறுபான்மையினர் கை ஓங்க வழியில்லை. பெரும்பான்மையினர் தம்மவருக்கே ஓட்டுப் போட்டால் நாடாளுமன்றத்தில் நம்மவர் முகமே தெரியாமல் போய்விடும். இதற்காகவே 1988-இல் குழுத்தொகுதி முறை வந்தது. பலர் சேர்ந்து ஓர் அணியாக நிற்க வேண்டும். அந்த அணியில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைக் குறை சொல்கிறவர்களும் அங்கே உண்டு. இருந்தாலும் நூற்றுக்கு ஒன்பது பேராக இருக்கும் சமூகத்துக்குக் கணக்கில் ஓர் இடம் இருப்பது சின்ன விஷயமன்று. எண்ணப்படாதவன் மறக்கப்படுவான் என்பது தோட்டத்து மக்களாகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் பெட்டிகள் நான்குதான். மனிதர்கள் நான்கு விதமாக மட்டும் பிறப்பதில்லையே! அண்மைய ஆண்டுகளில் சிங்கப்பூரில் நடக்கும் திருமணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இரு வேறு இனத்தாருக்கு இடையே நடப்பது. அவர்களுடைய பிள்ளைகளை எந்தப் பெட்டியில் போடுவது? நெடுங்காலம் தந்தையின் இனத்தையே எழுதினார்கள். 2011 ஜனவரி முதல் இரண்டையும் கோடிட்டு இணைத்து எழுதிக்கொள்ளலாம் என்று வழி திறந்தார்கள். 'சீனர்-இந்தியர்' என்றோ 'இந்தியர்-சீனர்' என்றோ பெற்றோரே தீர்மானிக்கலாம். ஆக, அந்த அம்மா கேட்டாரே, "அது என்னா இனம்?" என்று, அதற்குப் பதில் இதுதான்: தகப்பனையும் தாயையும் மறைக்காமல் எழுதிய இனம். முன்பாக இருந்தால் அந்தப் பத்திரத்தில் தாயின் இனத்துக்கு இடமே இருந்திராது. 'ரெண்டாவதா போட்டுட்டாங்க' என்று வருந்தும் ஐயா இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டு விதி போன்றவற்றுக்கு முதலில் உள்ள இனத்தையே அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. எனவே எதை முன்னால் எழுதுவது என்று அந்தப் பெற்றோர் யோசித்திருக்கலாம். நம்மைத் தாழ்த்துவதற்காக எழுதியதாக எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.

இனி இன்னும் பெரிய இடத்துக்குப் போவோம். 2016-இல் சிங்கப்பூரின் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு சமூகத்திலிருந்து தொடர்ந்து ஐந்து தவணைகள் யாரும் அதிபராக வரவில்லை என்றால், அடுத்த தேர்தல் அந்தச் சமூகத்துக்கு ஒதுக்கப்படும். அப்படி 2017-இல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கிய தேர்தலில் போட்டியின்றி அதிபரானவர் திருமதி ஹலிமா யாக்கோப். அந்நாட்டின் முதல் பெண் அதிபர் அவர்தாம். அவருடைய தந்தை இந்திய முஸ்லிம். காவற்காரர் வேலை பார்த்தவர். மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது இறந்துவிட்டார். தாய் மலாய்க்காரர், நாசி பாடாங் சோறு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். "தகப்பன் இந்தியர்தானே, இவர் எப்படி மலாய்க்காரர்?" என்று அப்போது பலர் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இருக்கும் பதிலைத்தான் நான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மலாய்ச் சமூகத்தைச் சேர்ந்தவர் யார்? தம்மை அந்தச் சமூகத்தவர் என்று கருதுகிறவர். அத்துடன் அந்தச் சமூகமும் தம்மவர் என்று பொதுவாக ஏற்றுக்கொள்கிறவர். சட்டம் வைத்திருக்கும் இலக்கணத்தின் சாரம் இது. இரத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லவில்லை. இந்தியச் சமூகத்துக்கு இந்திய வமிசாவளி வேண்டும் என்று சொல்லும் அச்சட்டம், அங்கேயும் இந்த இரண்டையும் கேட்கிறது.

கவனித்தீர்களா? 'நான் இன்னார்' என்று ஒருவர் எண்ணுவது பாதிதான். மீதிப் பாதி மற்றவர்கள் கையில் இருக்கிறது. அவர் எவ்வளவுதான் எண்ணினாலும், சமூகம் 'நீ எங்களவர்' என்று சொல்லாவிட்டால் அது நிறைவேறாது. அந்த மீதிப் பாதியைக் கொடுக்க வேண்டிய சமூகம் யார்? நாம்தாம். நாம் அதை ஒழுங்காகக் கொடுத்திருக்கிறோமா?

இப்போது பெரியம்மா கதைக்கு வருகிறேன்.

1950 சீனர்களுக்குப் புலி ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் குழந்தை குடும்பத்துக்கு ஆகாது என்று சிலருக்கு நம்பிக்கை. அத்துடன் வறுமையும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த ஒரு சீனக் குடும்பத்திலிருந்து, பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தையை என் பாட்டி வாங்கிக்கொண்டு வந்தார். பாட்டிக்கு அப்போது பிள்ளையில்லை. அந்தக் காலத்தில் இந்த நாட்டிலும் சிங்கப்பூரிலும் தமிழர் வீடுகளிலும் மலாய்க்காரர் வீடுகளிலும் இப்படி வளர்ந்த சீனப் பெண்கள் நிறையப் பேர். உங்கள் தோட்டத்திலும் ஒருவர் இருந்திருப்பார்.

அந்தக் குழந்தைதான் என் பெரியம்மா. அவர் வந்த ராசியால்தான் என் அம்மா பிறந்தார் என்று பாட்டி கடைசிவரை சொல்வார். பெரியம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை வராது. விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, வாளி சுமந்தார். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தார். தோட்டத்துத் தமிழர் ஒருவரையே மணந்தார். எனக்கு ஆத்திசூடி சொல்லிக் கொடுத்த முதல் வாய் அவருடைய வாய்தான்.

அவர் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நான் அப்போது பயிற்சி முடித்து வந்த புது ஆசிரியை. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், பெரியம்மாவின் முகத்தை ஏறிட்டு ஏறிட்டுப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தரகரிடம் சொல்லியனுப்பினார்கள்: "பிறப்புத் தெரியாத குடும்பத்துல கை நனைக்க முடியாது."

தோட்டத்தில் டீச்சர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். அந்த வீட்டுக்குப் போய் "இதைவிடத் தமிழ்க் குடும்பம் உங்களுக்கு எங்கே கிடைக்கும்?" என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புது வேலை, சின்ன வயது, நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டேன். பெரியம்மா அன்றைக்கு அழவில்லை. தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே என்னைக் கேட்டார்: "நான் எந்தச் சனம்டி, அப்ப?"

அந்தப் பெண்ணுக்குப் பிறகு நல்ல இடத்தில் கலியாணமாகி இன்று பேரன் பேத்தி எடுக்கும் வயதாகிறது. பெரியம்மா காலமாகி மூன்று வருடங்கள் ஆகின்றன. அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. அவர் தம் பாதியை ஆயுள் முழுவதும் கொடுத்தார். நாம்தான் நம் பாதியைக் கொடுக்கவில்லை.

இனி வெளியுலகத்தையும் ஒரு பார்வை பார்ப்போம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் வெள்ளையரும் கறுப்பரும் திருமணம் செய்வதே குற்றமாக இருந்தது. 1967-இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களை நீக்கியது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்க அனுமதித்தார்கள். 2020-இல் அப்படிக் குறித்தவர்கள் 3 கோடியே 38 லட்சம் பேர்.

அவர்களுள் நாம் நன்றாக அறிந்த பெயர் கமலா ஹாரிஸ். தாய் ஷியாமளா தமிழ்நாட்டிலிருந்து 1958-இல் படிக்கப் போனவர். தந்தை ஜமைக்கா நாட்டவர். 2021-இல் கமலா துணை அதிபராகப் பதவியேற்றபோது, அவர் பாட்டனாரின் ஊரான துளசேந்திரபுரத்தில் கோலம் போட்டுக் கொண்டாடினார்கள். நம் வீட்டுத் தொலைக்காட்சிகளிலும் "நம்ம பொண்ணு" என்றோம். 2024-இல் அவர் அதிபர் பதவிக்கு நின்றபோது, இவர் திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்று எதிர்த்து நின்ற டிரம்ப் குத்திக் காட்டினார். அந்தத் தேர்தலில் கமலா தோற்றார்.

நான் கேட்பது இதுதான். அதே கமலா நம் லயத்தில், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்த ஓர் அந்நிய நாட்டவருக்கும் நம் பெண்ணுக்கும் மகளாகப் பிறந்திருந்தால் "நம்ம பொண்ணு" என்றிருப்போமா? உயரப் போனவரைக் கட்டிக்கொள்வதற்கு மனம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுத் தொட்டிலில் கிடப்பதைக் கட்டிக்கொள்ளத்தான் மனம் வேண்டும்.

சிங்கப்பூரிலேயே பாருங்கள். இனம், மொழி, மதம் பாராமல் ஒன்றுபட்ட மக்களாக இருப்போம் என்று அந்த நாடு எடுக்கும் உறுதிமொழியை 1966-இல் எழுதியவர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, நெகிரி செம்பிலானில் ரப்பர்த் தோட்டச் சூழலில் வளர்ந்தவர். ஹங்கேரி நாட்டுப் பெண்ணை மணந்தவர். சிங்கப்பூரர் என்பது பிறப்பால் வருவதன்று, நம்பிக்கையாலும் தெரிவாலும் வருவது என்ற பொருள்படப் பேசியவர். 1981 முதல் 1985 வரை அதிபராக இருந்த தேவன் நாயர், மலாக்காவில் பிறந்த தோட்டத்துக் கிராணியின் மகன்.

2019-இல்கூட, மூத்த தலைமுறையினர் சீனரல்லாத ஒருவரைப் பிரதமராக ஏற்க இன்னும் தயாராகவில்லை என்று அங்கே ஓர் அமைச்சர் பேசினார். ஆனால் 2023 செப்டம்பரில், எந்த இனத்துக்கும் ஒதுக்கப்படாத அதிபர் தேர்தலில், தர்மன் சண்முகரத்தினம் இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து நின்று நூற்றுக்கு 70 பேருக்கு மேல் ஓட்டுப் போட வென்றார். இலங்கைத் தமிழ் வமிசத்தவர் அவர். மனைவி சீன, ஜப்பானிய வமிசத்தவர். அதிபர் குடும்பத்துப் பிள்ளைகளே எந்த ஒரு பெட்டியிலும் அடங்காதவர்கள்!

கலப்பு என்பது இன்று நேற்று வந்ததா? மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே வந்து, இங்குள்ள பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் சந்ததிதான் மலாக்காச் செட்டிகள். வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது விநாயகரையும் மாரியம்மனையும். 1781-இல் எழுந்த மலாக்கா பொய்யாத விநாயகர் கோயில் அவர்கள் கட்டியது. தமிழ் பேசாத அவர்கள் சாமியை விடவில்லை. இன்றைய சிங்கப்பூரில் இந்தியர் என்று தெளிவாக எழுதப்பட்ட வீடுகளிலோ, அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010-இல் நூற்றுக்கு 36.7 பேராக இருந்தவர்கள் 2020-இல் 27.9 பேராகக் குறைந்துவிட்டார்கள். கட்டத்தில் 'இந்தியர்' என்று முதலாவதாக எழுதிவிட்டால் மட்டும் தமிழ் நிலைத்துவிடாது என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா? மொழி பத்திரத்திலிருந்து வருவதில்லை, மடியிலிருந்து வருகிறது. எங்கள் பெரியம்மாவே அதற்குச் சாட்சி.

ஆகவே, கடிதம் எழுதிய அம்மா, உங்களுக்கு என் பதில் இது.

லயத்தில் கேட்கிறவர்களிடம், "எங்கள் பேரன்தான், அவர்களுக்கும் பேரன்" என்று சொல்லுங்கள். இரண்டு பாட்டிகள் இருப்பது எந்தப் பிள்ளைக்கும் குறையில்லை. ஐயாவிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். இரண்டாவதாக எழுதிவிட்டார்களே என்று கோபித்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு அந்த இரண்டாவது சொல் வெறும் எழுத்தாகவே போய்விடும். அதற்கு உயிர் கொடுக்க உங்கள் இருவரையும் விட்டால் யார் இருக்கிறார்கள்?

தள்ளிப் போடாமல் வருகிற விடுமுறையிலேயே பஸ் ஏறுங்கள். கறுப்பு வளையலும் வசம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். மறந்து போனால் தேக்காவிலேயே கிடைக்கும். சம்பந்தியம்மாளிடம் சிவப்பு முட்டை நன்றாக இருந்தது என்று மறக்காமல் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டாலும் சிரித்தால் அவருக்குப் புரியும். பிள்ளையை மடியில் போட்டு, உங்கள் மகளுக்குப் பாடிய தாலாட்டையே பாடுங்கள். காதுகுத்துக்கு அவனுடைய தாய்மாமன் மடி காத்திருக்கிறது என்று இப்போதே சொல்லி வையுங்கள். அதற்கு எந்தப் பத்திரமும் தேவையில்லை.

நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து 'நான் யார்?' என்று கேட்பான். பாதிப் பதிலை அவனே தேடிக்கொள்வான். மீதியை நீங்கள் கொடுத்து வையுங்கள். என் பெரியம்மாவுக்கு நான் கொடுக்காமல் விட்டது அது.

போய் வந்து எனக்கு எழுதுங்கள். யார் சாயல் என்று மட்டும் சொன்னால் போதும்.

வாசகர்களே, அடுத்த இதழில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் தோட்டத்துப் பள்ளி ஆசிரியை